வழக்கில் இருக்கும் ஒரு சாண்

படைத்தளத்தை விரிவாக்கும் திட்டம் தீவை விட ஒரு முழம் பெரிதாக இருந்தது. அதனால் அதைத் தீவின் மேலேயே விரித்துப் பார்ப்பதென்று முடிவானது.

காலையில் சிப்பாய்கள் திட்டத்தைப் பாய் போலச் சுருட்டித் தோளில் சுமந்து வந்தார்கள். தாள் படிந்த இடமெல்லாம் தட்டையானது. தேவாலயம் ஒரு சிலுவைக் குறியாக அடங்கியது. சூசையின் வீட்டுக் கூரை மட்டும் கொஞ்சம் முண்டியது. இரண்டு சிப்பாய்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். சூசை சட்டைகூடப் போடாமல் வேலியடிக்கு ஓடி வந்தார்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எமிலியாம்பிள்ளைக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. வேலியை ஒரு சாண் தள்ளிப் போட்டது யார் என்று அவருக்கும் சூசைக்கும் இருபது வருட வழக்கு. அந்தச் சாண் நிலத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்றுகூடத் தழைத்ததில்லை.

"நல்லா அமத்துங்கோ. குசினிப் பக்கம் கிளம்புது," என்று சூசையின் சமையலறைப் பக்கம் கைகாட்டிச் சிப்பாய்களுக்கு வழிகாட்டினார்.

தாள் அடுத்து அவர் வீட்டின் மேல் வந்தது.

"உங்கள் வீடுதான் ஓடுபாதையின் நடு. பெருமைப்படலாம்," என்றார் அதிகாரி.

"எங்கட பங்குக் கிணறு? ரெண்டு வீட்டுக்கும் பொது."

"நீல வட்டம். நல்ல நீலம்."

அந்த வீட்டைக் கட்டி முடிக்க எமிலியாம்பிள்ளைக்குப் பாதி ஆயுள் போயிருந்தது.

வேலியைப் பிடுங்கியதும் அதிகாரி குனிந்து பார்த்தார்.

"இந்த ஒரு சாண் யாருடையது?"

"என்ர," என்றார்கள் இருவரும்.

"வழக்கில் இருக்கும் நிலத்தை நாங்கள் தொடுவதில்லை." அந்த இடத்தில் தாளை ஒழுங்காக மடித்து விட்டார். "நீங்கள் சமாதானமாகப் போனால் இன்றைக்கே முடித்துவிடலாம்." பென்சிலைக் கூராக்கிக்கொண்டு காத்திருந்தார்.

தீவில் மிச்சம் அந்தச் சாண்தான். இருவரும் அதில் முகத்துக்கு முகம் நின்றார்கள். சூசை தன் வீடு இருந்த திசையைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. எமிலியாம்பிள்ளைக்கு மனம் கேட்கவில்லை. போதும் சூசை, விடு என்று சொல்ல வாய்வரை வந்தது.

அதிகாரியின் பென்சில் தாளைத் தொட்டது.

"சூசை, உன்ர குதிக்கால் என்ர காணிக்க நிக்குது," என்றார் எமிலியாம்பிள்ளை.

சூசை மூக்கை உறிஞ்சினார்.

"ஆற்ற காணி? உன்ரயோ? வழக்கைக் கோட்டில பாப்பம்."

அதிகாரி பென்சிலைப் பைக்குள் வைத்தார். கடற்காற்று பலமாக வீசியது. விழுந்துவிடாமல் இருக்க இருவரும் ஒருவரையொருவர் இறுகக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.