குடை பிடித்த தெரு

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் ஆளுக்கொரு குடையோ நாற்காலியோ எடுத்துக்கொண்டு தெருவுக்கு வரவேண்டும் என்று நகராட்சி இன்ஜினியர் பெண் சொன்னபோது தையல்காரிக்குச் சிரிப்புத்தான் வந்தது. மழைக்கே குடை எடுக்காத தெரு அது.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "தெருவை உடைச்சுப் புதுசாப் போடப்போறோம். அடியில போற தண்ணிக் குழாய், கேபிள் எல்லாம் போக, பதினோரு மரத்துக்கு இடம் இருக்கு. ரெண்டு பெஞ்சு போடலாம். எங்க போடணும்னு எனக்குத் தெரியாது. குடியிருக்கிறது நீங்கதானே? மரம் வேணுங்கிற இடத்துல குடையை விரிச்சு நில்லுங்க. பெஞ்சு வேணுங்கிற இடத்துல நாற்காலி போட்டு உட்காருங்க. கால் மணி நேரம் யாரும் நகரக் கூடாது" என்றாள்.

"கால் மணி நேரமா? உருகிடுவோம்மா" என்றார் ஒருவர்.

"உருகுற இடத்துலதான் சார் மரம் வைக்கணும்."

தையல்காரிக்கு மரத்தைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அவளுக்கு வேண்டியது ஒரு பெஞ்சு. அதுவும் வேறெங்கும் இல்லை, தெருவின் நட்டநடுவில், வெல்டிங் பட்டறை வாசலில் இருக்கும் மின்கம்பத்துக்குப் பக்கத்தில்.

காரணம் அவள் புருஷன். முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகக் கடிதம் கொடுத்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குப் பெயரே 'தபால்'தான். நடந்து நடந்து தேய்ந்த கால், ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்போடு சேர்ந்து படுத்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. டாக்டர் நடக்கச் சொல்கிறார். அவரும் நடக்கிறார், கூடத்துக்கும் அடுப்படிக்கும் இடையில். தெருமுனை டீக்கடையில் தினமும் காலையில் அவருடைய பழைய கூட்டாளிகள் நாலு பேர் கூடுவார்கள். "என்ன, தபால் இன்னும் பட்டுவாடா ஆகலையா?" என்று ஆள் விட்டுக் கேட்டார்கள். "அவனுங்க பேச்சு எனக்குப் பிடிக்கலை" என்று சொல்லி அனுப்பிவிட்டார். முப்பது வருஷம் பிடித்த பேச்சு எட்டு மாதத்தில் பிடிக்காமல் போய்விடுமா என்ன!

ஒரே ஒரு தடவை கிளம்பிப் பார்த்தார். அவள் வீட்டு முன்னறையில் இருக்கும் தன் கடையில், தையல் மெஷினில் காலை வைத்தபடி, மிதிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலிலிருந்து அறுபத்துநாலு அடி வைத்தார். அதற்குமேல் முடியவில்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், கம்பத்தில் ஒட்டியிருந்த நோட்டீசைப் படிக்க ஆரம்பித்தார். தண்ணீர்த் தொட்டி கழுவித் தரப்படும் என்ற நோட்டீஸ். அதைப் பத்து நிமிஷம் படித்தார். பிறகு திரும்பி வந்துவிட்டார். வந்த தூரம் எவ்வளவோ, டீக்கடைக்குப் போக வேண்டிய தூரமும் அவ்வளவே. நடுவில் ஐந்து நிமிஷம் உட்கார ஓர் இடம் இருந்திருந்தால் போய்ச் சேர்ந்திருப்பார்.

"என் காலைப் பத்தி வெளியில ஒரு வார்த்தை பேசினே, அப்புறம் நான் வாசப்படியைத் தாண்டவே மாட்டேன், ஆமா" என்றார் அன்றைக்கு. சொன்னால் சொன்னதுதான், அப்படிப்பட்ட மனுஷன்.

ஆக, பெஞ்சும் வாங்க வேண்டும், காரணமும் சொல்லக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியர் பெண் விசில் ஊதியதும் தெரு முழுக்கக் குடைகள் விரிந்தன. கறுப்பு, பூப்போட்டது, கம்பி ஒடிந்தது, கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தது என்று இருபத்திரண்டு குடைகள். அத்தனை பேரும் அவரவர் வாசலில்தான் நின்றார்கள். ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு வீடுகளிலிருந்து ஓர் அண்ணியும் அவள் நாத்தனாரும் வந்து நின்றார்கள். மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். குடையும் குடையும் முட்டிக்கொண்டன.

"இன்ஜினியரம்மா, அந்தக் குடையைக் கொஞ்சம் தள்ளச் சொல்லுங்க" என்றாள் அண்ணி.

"இந்தக் குடைதான் முதல்ல வந்துச்சுன்னு அந்தக் குடைகிட்டச் சொல்லுங்க" என்றாள் நாத்தனார்.

நாத்தனார் வீட்டுக்கு அடுத்து, பூட்டிக் கிடக்கும் ஒரு கிடங்கின் நீளச் சுவர். முப்பது அடிக்குக் குறையாது. அங்கே யாரும் குடியில்லை, அதனால் அங்கே ஒரு குடையும் இல்லை. வெயில் அந்தச் சுவரில் அடித்துத் திரும்பித் தரையையும் சுட்டுக்கொண்டிருந்தது. சுவர் முடிகிற இடத்தில் கம்பம். தையல்காரி அங்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

பட்டறையிலிருந்து வெல்டிங்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். "ஏன் தங்கச்சி, இரும்பு இறக்குற இடத்துல வந்து உட்கார்ந்துட்டே?"

"பெஞ்சு வேணும் அண்ணே. துணி தைக்கக் கொடுக்க வர்றவங்க உட்காரணும்ல?"

அவர் அவள் கடையைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். மறுபடி கடையைப் பார்த்தார். "கடை அந்தக் கோடியில இருக்கு. இங்க உட்கார்ந்தா உன்னை எப்படிப் பார்ப்பாங்க? பைனாகுலர் கொடுப்பியா?"

இரண்டு பக்கமும் குடைகள் குலுங்கின. "கூட்டம் அதிகம் அண்ணே, வரிசை இதுவரைக்கும் வந்துடுது" என்று சொல்லிப் பார்த்தாள். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவள் கடையில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நின்று யாரும் பார்த்ததில்லை.

இன்ஜினியர் பெண் நோட்டுப் புத்தகத்தோடு வந்து குனிந்தாள். "அக்கா, கடைக்குன்னா கடைப்பக்கமே போட்டுடலாம். இந்த இடம்தான் வேணும்னா காரணம் எழுதணும். வேற யாரும் இதைக் கேட்கவும் இல்லை. அண்ணனும் ஒத்துக்கலை."

"லோடு வண்டி எங்க நிக்கும்?" என்றார் வெல்டிங்காரர்.

"காரணம் இருக்கு" என்றாள் தையல்காரி.

"சொல்லுங்க."

"இருக்கு, அவ்வளவுதான்."

அந்தப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு அக்கா. அதுக்குள்ள சொல்லலைன்னா பெஞ்சு வேற இடத்துக்குப் போயிடும்."

தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது தன் வீட்டுக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தாள்.

அவர் வந்துகொண்டிருந்தார். சலவைச் சட்டை, கையில் ஊன்றுகோல். யாரையும் பார்க்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. எண்ணுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்து ஓடத் துடித்த காலை நாற்காலிக் கட்டையோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

வீட்டு வாசல்களில் விரிந்திருந்த குடைகளின் நிழலில் ஒன்று மாற்றி ஒன்றாகக் கால் வைத்து வந்தார். அண்ணி வாசல், நாத்தனார் வாசல். பிறகு சுவர். அங்கே வந்ததும் வெயில் அவரைக் கையால் தள்ளியது போல நின்றுவிட்டார். ஓர் அடி வைத்தார். நின்றார். இன்னோர் அடி. ஊன்றுகோல் நடுங்கியது அவ்வளவு தூரத்துக்கும் தெரிந்தது. சிரிப்பு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் நாத்தனார் நகர்ந்தாள். நகரக் கூடாது என்ற இடத்திலிருந்து, இந்தக் குடைதான் முதலில் வந்தது என்று சண்டை பிடித்த இடத்திலிருந்து, நகர்ந்து போய்ச் சுவரோரம் நின்றாள். அவருக்குக் குடை பிடிக்கவில்லை. பிடித்தால் அந்த மனுஷன் திரும்பிப் போய்விடுவார் என்று அவளுக்கு எப்படித்தான் தெரிந்ததோ! எங்கேயோ பார்த்தபடி மரம் மாதிரி நின்றாள். அவர் அந்த நிழலில் கால் வைத்தார். அதற்குள் அண்ணி அவளைத் தாண்டிப் போய் அடுத்த குடையானாள். அவளுக்கு அப்பால் எதிர்வரிசை வாத்தியார். அப்புறம் முனைக் கடைக்காரர். ஒவ்வொருவராக வந்து வந்து, யாருமே கேட்காத அந்தச் சுவரோரம் நிழல் கோத்துக்கொண்டே வந்தது. இன்ஜினியர் பெண் விசிலை வாயில் வைத்தவள், ஊதாமல் அப்படியே நின்றாள்.

இருபது வருஷமாகத் தினமும் மெஷினிலிருந்து தலையைத் தூக்கினால் தையல்காரி பார்க்கிற தெரு அது. யார் எதற்குச் சண்டை போடுவார்கள், யார் வீட்டில் எப்போது அடுப்பு எரியும் என்று அவளுக்கு எல்லாம் அத்துப்படி. இப்படி ஒன்று இதற்குள் இருக்கிறது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

"அறுபத்துநாலு" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு அவர் கம்பத்தைத் தொட்டார். அவள் எழுந்துகொள்ள, அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மூச்சு அடங்கியதும் இன்ஜினியர் பெண்ணைப் பார்த்துச் சொன்னார்: "எழுதிக்கோம்மா. இடுப்பு ஆபரேஷன். அறுபத்துநாலு அடிக்கு மேல ஓடாது. நான் இங்க உட்கார்ந்துட்டுத்தான் டீக்கடைக்குப் போகணும்."

தையல்காரி அவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நீங்கதானே யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு..."

"சன்னல்ல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். பைனாகுலராம், வரிசையாம்! உனக்குப் பொய் சொல்லவும் வரலை. ஊரே சிரிக்குது. அந்த மானம் போறதுக்கு இந்த மானம் போகட்டும்."

எல்லாரும் வெல்டிங்காரரைப் பார்த்தார்கள். அவர் பட்டறை வாசலைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "வண்டி அந்தப் பக்கம் நிக்கட்டும். பத்தடி கூடச் சுமந்தா செத்தா போயிடுவேன்?" என்றவர் உடனே குரலை உயர்த்தினார். "ஆனா உங்க நகராட்சி பெஞ்சு வேணாம்மா. வெறும் கல்லு. சாய்வும் கிடையாது, கைப்பிடியும் கிடையாது. இவர் உட்காருவார், எழுந்திருக்க கிரேன் வைக்கணும். நான் செஞ்சு தர்றேன்."

"நானே எழுதி அனுமதி வாங்கித் தர்றேன் அண்ணா" என்றாள் அந்தப் பெண். பிறகு சாக்பீசை எடுத்துக்கொண்டு போய், சுவரோரம் நின்றவர்களின் கால்களைச் சுற்றி வட்டம் போட ஆரம்பித்தாள். நாலு வட்டம். நாத்தனார் காலைச் சுற்றிப் போட்டபோது, "கொஞ்சம் பெரிசாப் போடும்மா, அண்ணி பக்கமும் நிழல் விழட்டும்" என்று அவள் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது.

வெல்டிங்காரர் அதற்குள் நாற்காலிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தபாலின் முழங்காலுக்கும் தரைக்கும் உள்ள உயரத்தைச் சாணால் அளந்துகொண்டிருந்தார். தபால் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு வெல்டிங்காரரின் தோளை ஒரு கையால் பிடித்து அழுத்தி, ஊன்றுகோலை இன்னொரு கையால் ஊன்றி, எழுந்து நின்றார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் தையல்காரி.

"பாதி தூரம் வந்துட்டு என்ன பண்ணச் சொல்றே? அவனுங்க ஞாயித்துக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் அங்கதான் கிடப்பானுங்க."

அவள் கூடப் போக ஓர் அடி எடுத்து வைத்தாள். கீழேயிருந்து வெல்டிங்காரர் அதட்டினார். "நீ எங்க போறே? நான் எழுந்திருக்கிறதுக்குள்ள என் தோள் உயரத்தை அளந்து சொல்லு. அவர் பிடிச்சு எழுந்தது அதைத்தான். கைப்பிடி அதே உயரம் இருக்கணும்."

கழுத்தில் கிடந்த டேப்பை உருவி, அவள் தரையில் ஒரு முனையை வைத்து அவர் தோள் வரைக்கும் பிடித்தாள். கண்ணில் நீர் கட்டியதில் எண் தெரியவில்லை. புறங்கையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். தெருவின் மிச்சப் பாதியில், புருஷன் போகிற பக்கமாகக் குடைகள் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டிருந்தன.

"இருபத்தாறு அங்குலம் அண்ணே" என்றாள்.