நாலுமுனைச் சந்திப்பில் மார்லிஸ் ட்வெய்ட்

1

இந்தக் கதையை ஒரு பட்டியலிலிருந்து எடுத்தேன். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட நானே ஒப்புக்கொண்டுவிடுவது கௌரவம். நூற்றுச் சொச்சம் வரிகள். பள்ளிப் பேருந்து ஓட்டுநர் உரிமத் தேர்வுக்குப் போகிறவர்கள் வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொன்றாகத் தொட்டு, வாய்விட்டுச் சொல்லவேண்டியவை. பக்கக் கண்ணாடி, படிக்கட்டு, அவசரக் கதவு, சக்கர நட்டுகள் என்று போய்க்கொண்டே இருக்கும். இந்தக் கோடை முழுக்க அதைக் கையில் வைத்துக்கொண்டு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துச் சிற்றூரில், எங்கள் பள்ளியின் பின்முற்றத்தில் நின்றேன். எதிரே நின்றவள் மார்லிஸ் ட்வெய்ட். பத்தொன்பது வருடமாகப் பள்ளிச் சமையலறை அவள் கையில். நான் அதே பள்ளியில் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது மணி ஒன்பது நாற்பது. வியாழக்கிழமை, ஆகஸ்ட் கடைசி வாரம். பத்து நிமிடத்துக்கு முன்னால் அவளுடைய மூன்றாவது தேர்வு தொடங்கிவிட்டது. நூலகத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். போன் மேசைமேல் இருக்கிறது. அது ஒலிப்பதற்குள் முடித்துவிடுவேன் என்று எனக்கு நம்பிக்கை உண்டு. அவள் மேல் உள்ள நம்பிக்கை அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "பனி போர்த்திய மினசோட்டா வயல்களுக்கு நடுவே ஒரு மஞ்சள் பேருந்து மெல்ல—"

ஆகஸ்டில் பனி ஏது? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "ஆறு வயதில் மார்லிஸ் பள்ளிப் பேருந்தின் கடைசி இருக்கையில் தூங்கிப்போனாள். ஓட்டுநர் கவனிக்காமல் கதவைப் பூட்டிவிட்டு—"

இது ஜோராக வந்தது. இரண்டு பக்கம் நிற்காமல் ஓடியது. அந்தக் குழந்தை இருட்டில் கண்ணாடியைத் தட்டுகிற இடத்தை நானே திரும்பத் திரும்பப் படித்தேன். பெருமை தாங்காமல் மார்லிஸிடம் சொன்னேன். பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்படி ஒண்ணும் நடக்கலையே. நான் பஸ்ல தூங்கினதே இல்ல. தூங்கினா பக்கத்துல இருக்கிறவன் என் சாண்ட்விச்சைத் தின்னுடுவான்."

இரண்டு பக்கமும் குப்பைக்குப் போயின. (இல்லை, பொய். இழுப்பறையில் இருக்கின்றன.) அவளுக்குப் பழைய காயம் ஒன்று இருந்தாக வேண்டும் என்று நினைத்தது நான்தான். ஒருத்தி ஒரு வேலையைச் செய்ய விரும்ப, அந்த வேலை செய்யப்பட வேண்டும் என்பதே போதாதா? கதை எழுதுகிறவர்களுக்கு மட்டும் அது ஏனோ போதுவதில்லை.

3

ஆற்றுக்கு அந்தப் பக்கம் எட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான்காம் தடப் பள்ளிப் பேருந்து அவர்களுக்காக ஓடுகிறது. அதை ஓட்டிவந்த வெர்ன் முழங்கால் அறுவைக்குப் பிறகு விலகிவிட்டார். பேருந்துகளைக் கவனிக்கும் பெவ் ஊரெல்லாம் கேட்டுப் பார்த்தும் ஆள் அகப்படவில்லை. ஆகஸ்டுக்குள் கிடைக்காவிட்டால் நான்காம் தடத்தை இரண்டாம் தடத்தோடு சேர்த்துவிடுவதாக முடிவாகிவிட்டது.

சேர்த்தால் அந்த எட்டுப் பேரும் ஒரு மணி நேரம் முன்னதாக ரோட்டோரம் வந்து நிற்கவேண்டும், ஜனவரி குளிரிலும். பள்ளிக்கு வந்து சேரும்போது எட்டே கால் ஆகிவிடும். பள்ளியில் தருகிற காலைச் சாப்பாடு எட்டு மணிக்கு முடிந்துவிடும். நேரத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி மார்லிஸ் கேட்டுப் பார்த்தாள். பாடம் தொடங்கிவிடுமே என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அந்த எட்டுப் பேரில் யார் இரண்டாவது தடவை தட்டை நீட்டுவார்கள் என்று மார்லிஸுக்குத் தெரியும். நீட்டக் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்பவர்கள் யார் என்றும் தெரியும். மூன்று பேருக்கு அந்தக் காலைச் சாப்பாடுதான் முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு கிடைக்கிற முதல் சாப்பாடு. இதை அவள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், அதுவும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

பெவ் அவளிடம் வந்து ஓட்டுகிறாயா என்று கேட்டபோது, தனக்கு அதெல்லாம் வராது என்றாள். மறுபடி கேட்டபோது, நல்ல ஆளாகப் பாருங்கள் என்றாள். மூன்றாவது தடவை கேட்டதும், காலை அடுப்பை உதவியாள் பார்த்துக்கொள்வாள், சரி என்று ஏப்ரனைக் கழற்றினாள்.*

* இங்கே யாரும் முதல் தடவையில் எதற்கும் சம்மதிக்க மாட்டார்கள். ஒரு வாய்க் காபிக்குக்கூட மூன்று தடவை கேட்கவேண்டும். இரண்டு தடவை மறுப்பது மரியாதை, மூன்றாவது தடவையும் மறுத்தால் கர்வம். வந்த புதிதில் முதல் தடவையே காபியை வாங்கிக் குடித்துவிட்டு ஒரு வருடம் போல அவப்பெயரோடு திரிந்தேன்.

4

ஜூன் மாதத் தேர்வில் அவள் வண்டியைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் தொட்டாள். ஒன்றுகூட விடவில்லை. எதுவும் பேசவும் இல்லை. தேர்வு அதிகாரி நாட்சன் அட்டையும் பேனாவுமாகப் பின்னாலேயே நடந்தார். வண்டியை ஒரு சுற்று முடித்து அவள் நின்றதும், அவர் கையிலிருந்த தாள் வெள்ளையாகவே இருந்தது.

"நீங்க வாயால சொல்லாததை நான் எழுத முடியாதும்மா."

"நல்லாத்தானே இருக்கு எல்லாம். கெட்டுப்போயிருந்தாச் சொல்லியிருப்பேன்."

தோற்றுவிட்டாள்.

என்னிடம் வந்து நியாயம் கேட்டாள். கண் உள்ள மனுஷர் பக்கத்திலேயே நிற்கிறார், இது கண்ணாடி, விரிசல் இல்லை என்று அவருக்குச் சொல்வது அவரை அவமதிப்பது போல் ஆகாதா என்றாள். அது மட்டுமில்லை, நல்லதை நல்லது என்று உரக்கச் சொன்னால் பீற்றிக்கொள்வது போலவும் இருக்குமாம். (இந்த ஊரில் உயர்ந்தபட்சப் பாராட்டு "மோசமில்லை" என்பது. என் பதினைந்து வருட நூலக வேலைக்கு அது இரண்டு தடவை கிடைத்திருக்கிறது.)

நாட்சனை வில்லனாக்கிப் பார்த்தேன். மீசையெல்லாம் வைத்தேன். ஒத்துவரவில்லை, மனிதர் நியாயமாகத்தான் நடந்துகொண்டிருக்கிறார். மீசையை எடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் பயிற்சி சூடு பிடித்தது. முற்றத்தில் பேருந்து, சமையலறையில் பாத்திரம். "இது பெரிய அண்டா. விரிசல் இல்ல, நசுங்கல, ஒழுகல. கைப்பிடி கெட்டியா இருக்கு." ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காபிக் குவளையையும் தூக்கிப் பிடித்து இப்படியே ஒப்பித்திருக்கிறாள். பாதிரியார் கவலைப்பட்டு என்னிடம் விசாரித்தார்.

5

ஜூலைத் தேர்வில் வண்டியைச் சுற்றி வந்து சொன்னது அத்தனையும் சுத்தம். ஊருக்குள் ஓட்டியதும் சுத்தம். தானியக் கிடங்கு பக்கத்து நாலுமுனைச் சந்திப்பு வரும்வரை.

அங்கே நான்கு பக்கமும் நிறுத்தப் பலகை உண்டு. முதலில் வந்து நின்றவர் முதலில் போகவேண்டும். மார்லிஸ்தான் முதலில் வந்து நின்றாள். பிறகு எதிரே ஆர்லோ தன் தானிய லாரியோடு வந்தார், எழுபது வயது, பக்கத்துப் பண்ணைக்காரர். அவளுடைய கை அவளைக் கேட்காமலே எழுந்தது: நீங்க போங்க. ஆர்லோ மறுத்துக் கை காட்டினார். அவள் மறுபடி காட்டினாள். அவர் மறுபடி மறுத்தார். மூன்றாவது தடவை அவள் காட்டியதும் அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

நாட்சன் பேனாவை மூடினார். அவர் சொன்னதை மார்லிஸ் என்னிடம் அப்படியே திருப்பிச் சொன்னாள்.

"பள்ளிப் பேருந்து ஓட்டுறவங்க யாருக்கும் கை காட்டக் கூடாது. உங்க கையை நம்பி ஒருத்தர் வண்டியை எடுப்பார். அந்த நேரம் பார்த்து ஒரு பிள்ளை குறுக்க வந்தா?"

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தப் பிள்ளையைப் பற்றியே யோசித்ததாகச் சொன்னாள். வெட்கமாக இருந்தது என்றும் சொன்னாள்.

செய்தி அன்று மதியத்துக்குள் ஊரைச் சுற்றிவிட்டது. சாயங்காலம் ஆர்லோ ஒரு மூட்டை மக்காச்சோளத்தோடு சமையலறை வாசலில் நின்றார்.

"நான் போயிருக்கக் கூடாது மார்லிஸ்."

"கை காட்டினது நான்தானே ஆர்லோ."

"ரெண்டு தடவை மாட்டேன்னுதான் சொன்னேன். மூணாவது தடவையும் கூப்பிட்டா மனுஷன் என்ன பண்றது?"

இனிமேல் செத்தாலும் உனக்கு முன்னால் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது இருவருமே சிரித்தார்கள்.

6

மணி பத்தரை. போன் சும்மா இருக்கிறது. கதைக்கு இரண்டு முடிவுகள் கைவசம் உள்ளன.

முதலாவது: தேறிவிடுகிறாள். செப்டம்பரில் பள்ளி திறக்கிற முதல் நாள், ஏழு ஐம்பதுக்கு எட்டுப் பிள்ளைகளும் இறங்கி வரிசையில் நிற்கிறார்கள். எழுத ஆசைதான். எழுதினால் அது என் விருப்பமே தவிர, நாட்சனின் தாள் இல்லை.

இரண்டாவது: தேறவில்லை. நான்காம் தடம் போய்விடுகிறது. எட்டே காலுக்கு ஓடிவருகிற பிள்ளைகள் துடைத்து வைத்த மேசைகளைக் கடந்து வகுப்புக்கு— இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

மூன்றாவது முடிவு என்று ஒன்று இல்லை. இருப்பது ஒரு சந்திப்பு. தேர்வுப் பாதை அந்த வழியாகத்தான் போகிறது. ஆர்லோ வியாழன்தோறும் இந்த நேரத்துக்குத்தான் கிடங்குக்கு வருகிறார். நான் அங்கே இல்லை. ஆனால் இந்த ஊரை எனக்குத் தெரியும்.

7

மஞ்சள் பேருந்து நிற்கிறது. எதிரே ஆர்லோவின் லாரி. இந்தத் தடவை முதலில் வந்து நின்றவர் அவர். முறைப்படி அவர்தான் போகவேண்டும். ஆனால் பேருந்தை ஓட்டுவது யார் என்று அவர் பார்த்துவிட்டார். கையை உயர்த்துகிறார்: நீ போ, மார்லிஸ்.

மார்லிஸின் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில் இருக்கின்றன. வாய் திறக்கிறது, உரக்க, சமையலறைக் குரலில்.

"எதிர்ல லாரி. எனக்கு முன்னாடி வந்தது. முறை அதோடது. அது போற வரைக்கும் நான் நிக்கிறேன். என் கை எங்கயும் போகாது."

நாட்சன் ஏதோ எழுதுகிறார். ஆர்லோ விட்டுக்கொடுத்ததை எடுத்துக்கொண்டு இவள் கிளம்பினால் முறை தவறியது என்று எழுதலாம். கிளம்பாமல் நின்றுகொண்டே இருந்தால் வழியை அடைத்தது என்று எழுதலாம். ஆர்லோ மறுபடி கை காட்டுகிறார். அன்றைய பாவத்தைக் கழுவுகிறார், நல்ல மனிதர். இருவரும் பொழுது சாயும்வரை இப்படியே நிற்கக்கூடியவர்கள்.

இங்கேதான் எனக்கு நீங்கள் வேண்டும். வலப்பக்கச் சாலையில் ஒரு கார் வந்து நிற்கிறது. அதில் இருப்பது நீங்கள். உங்களுக்கு இன்று தேர்வு எதுவும் இல்லை, உங்கள் கையை நீங்கள் ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்கலாம்.

ஆர்லோவைப் போகச் சொல்லிக் கை காட்டுங்கள். தலையை ஆட்டி உங்களைப் போகச் சொல்வார். இன்னொரு தடவை காட்டுங்கள். அப்போதும் மாட்டார், வருத்தப்படாதீர்கள். மூன்றாவது தடவைக்குப் போய்விடுவார், பிறகு மார்லிஸின் முறை. கை காட்டுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்துவிடுங்கள், பிள்ளைகள் யாராவது கடக்கிறார்களா என்று. உங்கள் கையை நம்பி ஒருவர் வண்டியை எடுக்கப்போகிறார்.