அழிக்கும் முன்

தம்பியின் மூக்குக் கண்ணாடியைத் தேடி மெலிசா எல்லா இழுப்பறைகளையும் திறந்து பார்த்துவிட்டாள். கண்ணாடியில்லாத கிரகரி கூடத்துச் சவப்பெட்டியில் வேறு யாரோ போலக் கிடந்தான்.

“கண்ணாடி எங்க ஷெர்லி?”

“இங்கதான் எங்கயாச்சும் இருக்கும் அண்ணி,” என்றாள் அவன் மனைவி, முகம் பார்க்காமல்.

நேற்று மெலிசா ஜொகூரிலிருந்து இந்த மலையூர் ரிங்லெட்டுக்கு வந்ததிலிருந்தே ஷெர்லியின் பதில்கள் இப்படித்தான். தூக்கத்திலேயே போய்விட்டானாம். போன கிறிஸ்மஸுக்கு மெலிசா வருகிறேன் என்றபோது, வேலை இருக்கிறது, வேண்டாம் என்றான். அதுவும் இவள் வேலையாகத்தான் இருக்கும்.

தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்த கிரகரி, வீட்டிலிருந்தே கணினி நிரல் எழுதிச் சம்பாதித்தவன். தன்னைப் போன்றவர்களுக்காகத் தினமும் இணையத்தில் ஒரு குறிப்புப் போடுவான்: எந்தக் கட்டளையை எப்படி அடித்தால் வேலை சுருக்காக முடியும் என்று. மெலிசாவுக்கு ஒன்றும் புரியாது. தம்பி எழுதியது என்று பார்ப்பாள்.

கூடத்தில் ஜெபப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது அவள் போன் அதிர்ந்தது. கிரகரியின் பெயரில் புதுக் குறிப்பு: ‘அழிக்கும் முன்’.

சாத்தியிருந்த அறைக்கதவைத் தள்ளினாள். ஷெர்லி அவனுடைய லேப்டாப் முன்னால். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள்.

“அவன் பேர்ல நீ என்னத்த போடற? என்னத்த அழிக்கிற?”

பாட்டு நின்றது.

“கதவ சாத்துங்க அண்ணி.”

“சாத்த மாட்டேன். எல்லாரும் கேக்கட்டும்லா.”

ஷெர்லி எழுந்து வந்து கதவைத் தானே சாத்தினாள்.

“அவருக்குக் கண்ணு தெரியாது அண்ணி. சக்கர வியாதி. போன வருசமே ரெண்டும் போயிருச்சு. வேல போயிரும்னு யார்கிட்டயும் சொல்ல விடல. அவரு சொல்லச் சொல்ல நான்தான் டைப் பண்ணுவேன். கண்ணாடிய ஒருநாள் அவரே தூக்கிப் போட்டுட்டாரு.”

“எங்கிட்டக் கூடவா?”

“உங்களுக்குத்தான் தெரியவே கூடாதுன்னாரு. புது வீட்டு போட்டோ அனுப்பினீங்கல்ல? சுவரு என்ன கலருன்னு எங்கிட்ட கேட்டாரு.”

‘மஞ்சக் கலரு அழகா இருக்குக்கா’ என்று பதில் வந்திருந்தது. மெலிசா அதை எல்லோரிடமும் காட்டியிருந்தாள்.

“இது கடைசியா சொன்னது,” என்றாள் ஷெர்லி. “காலையிலயே போட்டிருக்கணும். ஆளுங்க வந்துக்கிட்டே இருந்தாங்க.”

மெலிசா நின்றபடியே படித்தாள். கோப்புகளை அழிக்கும் முன், அழிக்கச் சொல்லும் rm இருக்கும் இடத்தில் பட்டியல் காட்டும் ls என்று போட்டு ஒரு தடவை பாருங்கள். எவையெல்லாம் போகப்போகின்றன என்று தெரியும். கீழே யாரோ அதற்குள் நன்றி சொல்லியிருந்தார்கள்.

இருவரும் கூடத்துக்கு வந்ததும், பெட்டியை மூடலாமா என்று பாஸ்டர் கேட்டார்.

ஷெர்லி குனிந்து கணவன் காதருகே பேசினாள். அழுகை இல்லை, தினமும் பேசுகிற குரல்.

“கோலா தெர்லாலருந்து உங்க கூட்டாளி எட்ரியன் வந்திருக்காரு. காய்கறி லோரிலயே வந்துட்டாரு, சட்டையெல்லாம் சேறு. வெளிய ஒரே பனி, தேயில ஒண்ணும் தெரியல. அண்ணி உங்க கால்மாட்டுல நிக்கிறாங்க. முடிய கட்டையா வெட்டியிருக்காங்க.”

மெலிசா அங்கிருந்து நகர்ந்து, தம்பியின் தலைமாட்டுக்கு வந்தாள்.

“இப்ப பக்கத்துல வந்துட்டாங்க,” என்றாள் ஷெர்லி.