அரைப்புள்ளி இல்லாத கடிதம்

கொழும்பில் இருக்கும் தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு என்று குணரத்தினம் சேர் வந்து இறங்கினார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கப்பல் முகவர் கந்தோர் எங்களுடையது. நான் நஸ்ரியா, கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். இங்கிலிஷ் கடிதங்கள் எழுதுவது என் வேலை. வெளியே போகக்கூடாத கப்பல் விபரங்களை ஏஐயிடம் கொடுத்துக் கடிதம் எழுதுவிக்கிறவர்களுக்கு வேலை போகும் என்று போன மாதம்தான் தலைமைக் கந்தோர் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. வந்த மனிதர் முதலில் கேட்டது என்னுடைய கடிதங்களை.

பக்கத்து மேசைத் தனஞ்சயன் அண்ணன் தேநீர் தரும் சாக்கில் வந்து குனிந்தார்.

"தங்கச்சி, உங்கட கடிதங்களில செமிகோலன் கூடவாம். கோலனும் ஒரு பிழையில்லாமல் வந்திருக்காம். மெசின்தான் இப்பிடிப் போடும் எண்டு அவர் கதைக்கிறார். இனி அதைப் போடாதேங்கோ."

சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. எங்கள் கந்தோரில் ஒரு பழக்கம்: புதுக் கடிதம் எழுத முன்னர் அலுமாரியிலிருந்து பழைய பைலை எடுத்து, அதே விசயத்தை முன்பு எப்படி எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும். மற்றவர்கள் திகதியையும் கப்பலின் பெயரையும் மாற்றிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நான் விசர் பிடித்தவள் மாதிரி மூன்று வருடம் அதையெல்லாம் வாசித்தேன். நங்கூரம் இட்டது, துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் ஏறினார், மழை தொடங்கியது, சரக்கு இறக்கம் நின்றது. ஒட்டி உறவாடும் வசனங்களுக்கு நடுவில் செமிகோலன் என்கிற அரைப்புள்ளி, விபரம் வரப்போகிறது என்றால் கோலன் என்கிற முக்காற்புள்ளி. யாரும் சொல்லித் தரவில்லை, கை பழகிவிட்டது. இதற்கு நான் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது?

வாப்பா கடலுக்குப் போவதை நிறுத்தி இரண்டு வருடம். என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. அதைவிட, கள்ளி என்ற பேரோடு ஊருக்குள் போவதை நினைக்கவே முடியவில்லை.

பத்து மணிக்கு உள்ளே கூப்பிட்டார். என் போனை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு கதிரையைக் காட்டி, வெள்ளைத் தாளைத் தந்தார்.

"பயப்பிடாதேங்கோ பிள்ளை. மழையால சீமெந்து இறக்க ஏலாமல் போனதைக் கப்பல்காரருக்கு எழுதுங்கோ. அரை மணித்தியாலம் இருக்கு."

பயப்பட வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. முதல் வசனம் முடிந்த இடத்திலேயே செமிகோலன் பேனை நுனியில் வந்து நின்றது. தனஞ்சயன் அண்ணன் சொன்னது காதுக்குள் கேட்டது. முற்றுப்புள்ளி வைத்தேன். அடுத்ததிலும் அப்படியே. மழை வந்தது. வேலை நின்றது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கொப்பி மாதிரி இருந்தது. இனி ஒருவரும் மெசின் எழுதியது என்று சொல்ல மாட்டார்கள் என்று எனக்கு அற்ப சந்தோசம் வேறு.

அவர் அதை என்னுடைய முந்தைய கடிதம் ஒன்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது நீங்கள் எழுதினது. அப்ப மற்றது ஆர் எழுதினது?"

"அதுவும் நான்தான் சேர்."

"ரெண்டும் ஒராள் எழுதினதெண்டு என்னெண்டு நம்புறது?"

"பயத்தில வேணுமெண்டு போடாமல் விட்டனான் சேர். இன்னொருக்கா எழுதித் தாறன்."

"இனித் தேவையில்லை. குற்றத்தை ஒத்துக்கொண்டு விலகுறன் எண்டு எழுதித் தாங்கோ. பொலிசுக்குப் போகாமல் முடிப்பம்."

பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் தாளை இழுத்தேன். தலை ஒன்றையும் யோசிக்கவில்லை. கை மட்டும் இங்கிலிஷில் எழுதியது.

கையெழுத்து வைக்கும்போதுதான் கவனித்தேன். காரணங்களுக்கு முன்னால் ஒரு கோலன். காரணங்களுக்கு நடுவில் மூன்று செமிகோலன்கள், அவர் நம்பாத என் கடிதங்களில் இருப்பது மாதிரியே, ஒன்றும் இடம் மாறாமல்.

"சேர், இதை ஒருக்கா வாசியுங்கோ," என்றேன். "தயவுசெய்து வாசியுங்கோ."

கீழே என் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். தாளை மூன்றாக மடித்து, உறைக்குள் போட்டு ஒட்டினார்.