முப்பத்தேழுக்கும் எண்பத்தொன்றுக்கும் நடுவே

கட்டுப்பாட்டு அறையில், மைக்கின் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் அவள் ஒருமுறை எச்சில் விழுங்கிக்கொண்டாள். சரக்கு வண்டி கிளம்பிவிட்டது, தண்டவாளத்தில் இருப்பவர்கள் ஒதுங்கவும் என்று இரண்டு தரம் நிதானமாகச் சொன்னாள். எதிரே திரையில் ஐந்து பச்சைப் பொட்டுகள் எரிந்துகொண்டிருந்தன.

தண்டவாளம் பழுதுபார்க்கும் கேங்கில் ஐந்து பேர். ஆளுக்கொரு ரேடியோ செட்டு இடுப்பில் தொங்கும். அவள் ஒரு தரம் பேசினால் ஐந்திலும் ஒரே நேரத்தில் கேட்கும். ஆனால் செட்டுக்குக் காது மட்டும்தான், வாய் கிடையாது. வண்டி ஓடும் பாதையில் கைபேசி வைத்துக்கொள்ளவும் அனுமதி இல்லை. எல்லாரும் கருவிப்பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் வேலையில் இறங்கவேண்டும். அதனால் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று அவளுக்குத் தெரிய வழியே இல்லை. செட்டு அணையாமல் இருக்கிறது என்பதை மட்டும் அந்தப் பச்சைப் பொட்டு சொல்லும். மூன்றாவது பொட்டு அவள் புருஷன்.

அவனைக் கேங்கில் கொடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். செட்டு வருவதற்கு முன்னால் பாறையை வெட்டி வழிவிட்ட வளைவில் சிவப்புக் கொடியும் விசிலுமாக நின்று, வண்டி வருவதைப் பார்த்துச் சொல்வது அவன் வேலை. செட்டு வந்ததும் கொடியைச் சுருட்டிக் கிடங்கில் வாங்கிக்கொண்டு கையில் சுத்தியலைக் கொடுத்தார்கள். பெயரை மட்டும் யாரும் திரும்பக் கேட்கவில்லை.

வளைவுக்கு இந்தப் பக்கம் ஒரு டவர், அந்தப் பக்கம் ஒரு டவர். இங்கே நின்றாலும் அங்கே நின்றாலும் அவள் குரல் கணீரென்று கேட்கும். இங்கிருந்து அங்கே நடக்கும்போதுதான் வம்பு. ஒரு செம்புத் தண்ணீரை அவசரமில்லாமல் குடித்து முடிக்கும் நேரத்துக்குச் செட்டு ஊமையாகிவிடும். பச்சை விளக்கோ எனக்கென்ன என்று எரிந்துகொண்டிருக்கும். வண்டி எதுவும் இல்லாத அமைதி எது, செட்டு செத்த அமைதி எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. முதல் தடவை ஒரு சாப்பாட்டுத் தூக்கு நசுங்கியதோடு போயிற்று. மேஸ்திரி புகார் கொடுத்தார்.

பார்க்க வந்த இன்ஜினியர் பெண் நல்ல மாதிரி. மூடி மறைக்காமல் சொன்னாள். அந்தப் பக்கத்து டவர் தானாகக் குரலை வாங்கி வைத்துக்கொள்ளாது. அதன் கீழே ஒரு செட்டு வந்து கேட்டால்தான், சுற்றிக்கொண்டு போய் வாங்கிக் கொடுக்கும். அப்படி வாங்கி வர ஆகிற நேரம்தான் இந்த ஊமை நேரம். ஏற்கெனவே அங்கே ஒரு செட்டு இருந்தால், பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு சொல்கூட விட்டுப்போகாது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டவர் எப்போதும் குரலை வாங்கி வைத்திருக்கும்படி செய்யலாம், மேலே எழுதுகிறேன் என்று சொல்லிப் போனாள்.

மேலேயிருந்து பதில் வருவதற்குள் கேங்கே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டது. ஒருவன் தன் செட்டோடு முன்னால் போய் அந்தப் பக்கத்து டவரை எழுப்பிவிடுவான். மற்ற நாலு பேரும் அவனுக்குப் பின்னால் குறையில்லாமல் கேட்டுக்கொண்டே வருவார்கள். முறை வைத்துத்தான் ஆரம்பித்தார்கள். வளைவின் ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும் என்று அவள் புருஷன் வாயைக் கொடுத்தான். அதோடு எல்லா முறையும் அவன் தலையில் வந்து விழுந்தது. தனியாக ஆளை அனுப்புவது விதிக்கு விரோதம். வெளியே தெரிந்தால் மேஸ்திரிக்கு வேலை இருக்காது. அவன் இதைச் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னான். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

புகாரைச் சோதித்துப் பார்க்கப் பெரிய இன்ஜினியரே வருகிறார் என்று தெரிந்தபோது அவளுக்குப் பாதி உயிர் வந்தது.

"நாளைக்கு மட்டும் முன்னாடி போகாதீங்க. அவர் காதாலயே கேக்கட்டும். இல்லைன்னா யாரும் நம்ப மாட்டாங்க," என்றாள்.

அவன் சரி என்று தலையாட்டினான்.

கேங்கும் பெரிய இன்ஜினியரும் வளைவைக் கடந்து நடக்கும்போது, சோதனைக்காக அவள் ஒன்றிலிருந்து நூறு வரை நிதானமாக எண்ண வேண்டும். எங்காவது எண் விட்டுப்போனால் பெரிய இன்ஜினியர் கையிலிருக்கும் கருவி காட்டிக்கொடுத்துவிடும். அவள் எண்ணிக்கொண்டே போனாள். முப்பது தாண்டியபோது பக்கத்து மேஜைத் தொலைபேசி அடித்தது. மேற்பார்வையாளர் எடுத்தார். அவர் முகம் மாறியது. எதிர்ப்பக்கத்து ஸ்டேஷனிலிருந்து, அட்டவணையில் இல்லாத ஒற்றை இன்ஜினை அனுப்பிவிட்டிருந்தார்கள். சோதனை நடப்பது அவர்களுக்குத் தெரியாதாம்.

"சொல்லும்மா, சீக்கிரம் சொல்லு," என்றார்.

முப்பத்தேழோடு எண்ணுவதை நிறுத்திவிட்டுச் சொன்னாள். மூன்று தரம் சொன்னாள். போகாதே என்று அவனிடம் கெஞ்சியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இந்த நேரம் அவர்கள் வளைவுக்குள் இருந்தால் ஐந்து பேரும் செவிடு. செவிடாக்கியது அவள். ஐந்து பொட்டும் பச்சையாகவே இருந்தன. எண்ணுவதை விடாதே என்று மேற்பார்வையாளர் சைகை காட்டினார். முப்பத்தெட்டு என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நூறு வரை எண்ணி முடித்தாள்.

கருவிப்பெட்டியைத் திறந்து மேஸ்திரி கைபேசியில் கூப்பிட வெகுநேரம் ஆயிற்று. எல்லாரும் பத்திரம். அறிவிப்பு வந்ததுமே ஒதுங்கிவிட்டோம், இன்ஜின் எங்களைத் தாண்டிப் போயிற்று, ஓர் எண்கூட விட்டுப்போகவில்லை என்றார். மேற்பார்வையாளர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். அவள் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஓர் எண்கூட விட்டுப்போகவில்லை என்றால் என்ன அர்த்தம் என்பது, முகத்தைக் கழுவும்போதுதான் உறைத்தது.

சாயங்காலம் அவன் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். அவளே கழற்றினாள். முதுகுப்பக்கம் கிழிந்து, தோள்பட்டை நெடுக பாறை உரசிய தோல் வழண்டிருந்தது.

"போக மாட்டேன்னீங்களே."

"மேஸ்திரி ஒண்ணும் சொல்லல. என்னைப் பாத்தாரு, அவ்வளவுதான். நாலு பேரும் அந்தப் பெரிய மனுஷனும் பின்னாடி வர்றாங்க. தெரிஞ்சே எப்படிச் செவிடா விடுறது?"

அவள் துணியை நனைத்துத் துடைத்தாள். சோதனைக்குக் கூட வந்திருந்த இன்ஜினியர் பெண் மட்டும், முன்னால் யாராவது போனீர்களா என்று கேட்டாளாம். மேஸ்திரி தரையைப் பார்த்தார். அந்தப் பெண் இவன் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகு பெரிய இன்ஜினியர் கூப்பிட்டார், போய்விட்டாள்.

"காலுக்கடியில தண்டவாளக் கட்டை அதிர்ந்துச்சு. அதனால தப்பிச்சேன்," என்றான் அவன். "நீ முப்பத்தேழு சொன்னது கேட்டுச்சு. அப்புறம் கேட்டது எண்பத்தொண்ணு. நடுவுல என்ன சொன்ன?"

"வண்டி வருதுன்னு சொன்னேன்," என்றாள் அவள்.

மறுநாள் காலையில் மேற்பார்வையாளர் அறிக்கையைச் சுவரில் ஒட்டினார். சேவையில் எங்கும் தடை இல்லை, புகார் முடிக்கப்பட்டது. இந்தச் சோதனையை வைத்து மற்ற பாதைகளிலும் கொடி பிடிக்கிறவர்களை எடுத்துவிடப் போகிறார்கள் என்று அவரே படித்தும் சொன்னார். நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தாய் என்று அவளைப் பாராட்டினார். உள்ளதைச் சொல்லிவிட அவள் வாய் வரைக்கும் வந்தது. மேஸ்திரியின் வேலையும், அவரோடு சேர்ந்து போகக்கூடிய தன் புருஷனின் வேலையும் கண் முன்னால் வந்து நின்றன. தலையை மட்டும் ஆட்டினாள்.

சரக்கு வண்டிக்கான மணி அடித்தது. கேங் வளைவை நெருங்கும் நேரம். அவள் எச்சில் விழுங்கிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். ஐந்து பொட்டும் பச்சையாக எரிந்தன. மூன்றாவது பொட்டைப் பார்த்துக்கொண்டே, வண்டி கிளம்பிவிட்டது, ஒதுங்கவும் என்றாள். இரண்டு தரம்தான் சொல்ல வேண்டும். அவள் நிறுத்தாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.