டிக் சத்தம் வந்த வழி

சுலக்ஷனாவின் அறைக்குள் கணினி வரக்கூடாது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அது இல்லாமலே வேலை நடந்தது. அவ்வளவுதான்.

ஹட்டனிலிருந்து கொட்டகலைக்குப் போகும் ரோட்டுக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்துப் புது வீட்டுத் திட்டத்தில் அவளும் தம்பி திலக்ஷனும் குடியிருந்தார்கள். பின் அறைதான் அவளுடைய ஸ்டூடியோ. சுவரில் பழைய மெத்தைகளை வெட்டி ஒட்டியிருந்தாள். இரண்டு கீபோர்ட், ஒரு டிரம் மெஷின், ஒரு மிக்ஸர், எட்டுத் தடத்தில் பதிகிற ஒரு ரெக்கார்டர். கல்யாண வீடுகளுக்கு வாசிக்கும் ஒரு மியூசிக் குரூப்பில் அவள் கீபோர்ட் வாசித்தவள். கொரோனா காலத்தில் குரூப் கலைந்தபோது, மற்றவர்கள் விற்க நினைத்த சாமான்களை ஒவ்வொன்றாகத் தன் அறைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். அன்றிலிருந்து திருவிழாப் பாட்டு, பிறந்தநாள் பாட்டு, பள்ளிக்கூடக் கலைவிழாவுக்குப் பின்னணி இசை என்று எல்லாம் அங்கேதான் பதிவானது. எட்டுத் தடத்துக்குள் ஒரு பாட்டை அடக்கிவிட அவளுக்குத் தெரியும்.

பூண்டுலோயாவிலிருந்து சர்மிளா வந்த பிறகுதான் அது போதாமல் போனது. சர்மிளாவும் அவளுடைய நண்பர்களும் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்திருந்தார்கள். ஒரு பெண் டவுனில் வாங்கிய தையல் மெஷினை பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். அதுதான் கதை. பேச்சு அதிகம் இல்லை. அதனால் இசை நிறைய வேண்டும்.

"அக்கா, பஸ் பிரேக் அடிக்கிற இடத்துல தாளமும் நிக்கணும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் நல்லா இருக்காது" என்றாள் சர்மிளா.

சுலக்ஷனா முதலில் தன் வழியில் முயன்று பார்த்தாள். போனில் படத்தை ஓட்டும் அதே நொடியில் ரெக்கார்டரையும் அமுக்கினாள். ஒரு தடவை இசை முந்தியது, அடுத்த தடவை பிந்தியது. இரண்டு கையும் ஒரே நேரத்தில் அமுக்குவதாகத் தோன்றினாலும் படம் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

"படமும் பாட்டும் ஒரே மெஷின்ல இருக்கணும்க்கா. கம்ப்யூட்டர் வச்சாதான் சரிவரும்" என்றான் திலக்ஷன். அவன் ஹட்டன் பஜாரில் போன் திருத்தும் கடையில் வேலை செய்தான்.

"கொண்டு வா. என்னதான் செய்யுதுன்னு பார்ப்போம்" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் யாரோ பாவித்த பழைய கணினி ஒன்றையும், கருவிகளின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் சின்னப் பெட்டி ஒன்றையும் கொண்டுவந்து வைத்தான். சுலக்ஷனா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கேபிளாகக் கேட்டாள். இது எங்கே போகிறது, அது எதற்கு, இதில் சத்தம் போகிறதா அல்லது கட்டளை மட்டும் போகிறதா. அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைத்தபோது அவள் அந்தக் கேபிளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ஒரு மெல்லிய கேபிள் வழியாகச் சத்தமே போகவில்லை. 'இந்தக் கட்டையை இவ்வளவு அழுத்தத்தில் அமுக்கு' என்கிற செய்தி மட்டும்தான் போகிறது. கணினி சொல்ல, அவளுடைய கீபோர்ட் யாரும் தொடாமலே வாசித்தது.

"எப்பவுமே இதுக்கு இப்படிச் செய்ய முடிஞ்சிச்சா?"

"வாங்கின நாள்லருந்தே முடியும்க்கா. பின்னால அந்த ஓட்டை இருக்குல்ல."

அந்த ஓட்டையை அவள் வருஷக்கணக்கில் தூசி துடைத்து வந்திருக்கிறாள்.

யார் தாளம் போடுவது என்பது அடுத்த பிரச்சினை. டிரம் மெஷின்தான் தலைமை, கணினி அதன் பின்னால் வரட்டும் என்றாள் அவள். கணினியால் அப்படி வர முடியவில்லை. திரையில் வேக எண் ஏறியும் இறங்கியும் தள்ளாடியது. திருப்பிச் செய்து பார்த்தார்கள். கணினி முன்னால் போக, டிரம் மெஷின் ஒரு பிசகும் இல்லாமல் பின்னால் வந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்கச் சரியாக இருந்தது. இரண்டையும் பதிந்து, கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றிக் கேட்டாள். பிறகு கேபிளை அப்படியே விட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகு, பதிந்ததை மறுபடி கேட்டபோதுதான் அது கேட்டது. டிக். கொஞ்சம் இடைவெளி. டிக்.

தாளத்தோடு சேராத டிக். பாட்டை நிறுத்தினாலும் அது நிற்கவில்லை.

"கேபிள் லூஸ்" என்றான் திலக்ஷன். கேபிளை மாற்றினார்கள். டிக். "போன் சிக்னலா இருக்கும்." போன்களைக் கொண்டுபோய்க் குசினியில் அடுப்புப் பக்கம் வைத்தார்கள். டிக். பிரிட்ஜை நிறுத்தினார்கள், டிவியைக் கழற்றினார்கள். டிக். கணினியின் கேபிளைக் கழற்றிவிட்டுப் பழைய ரெக்கார்டரில் கேட்டால் சுத்தமாக இருந்தது.

"அப்ப கம்ப்யூட்டர்தான் கோளாறு. வேற ஒண்ணு கொண்டு வாறேன்" என்றான் அவன்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கீபோர்ட் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் முன் சுலக்ஷனா கணினியைப் போட்டுப் பார்த்தாள். டிக் இல்லை. மத்தியானமும் இல்லை. சாயங்காலம் திரும்ப வந்துவிட்டது. திலக்ஷன் கடையிலிருந்து ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து மாட்டினான். அதில் சத்தம் இல்லை.

"பார்த்தியா" என்றான். பேட்டரி குறைகிறதென்று சார்ஜரைச் சொருகினான். டிக்.

சுலக்ஷனா சார்ஜரைக் கழற்றினாள். நின்றது. சொருகினாள். வந்தது. நாலைந்து தடவை அப்படியே செய்தாள். பிறகு சார்ஜரின் பிளக்கைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று கால். அவளுடைய கீபோர்ட், மிக்ஸர், ரெக்கார்டர் எல்லாம் இரண்டு கால் அடாப்டர். பழைய கணினியின் பிளக்குக்கும் மூன்று கால்.

"இந்த மூணாவது கால் எங்க போகுது?"

"எர்த்துக்கு. மண்ணுக்குள்ள போகும்."

"அப்ப சத்தம் மண்ணுல இருந்து வருதா?"

திலக்ஷன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. டிரம் மெஷினில் ஒரு பட்டனை டிக்குக்கு ஏற்றபடி தட்டித் தட்டி அதன் வேகத்தை எடுத்தாள். மெஷின் காட்டிய எண் மாறவே இல்லை. மழையோ காற்றோ இப்படி ஒழுங்காக அடிக்காது. யாரோ வைத்த ஏதோ ஒரு மெஷின்தான். அதைச் சாயங்காலம் போட்டுவிட்டுக் காலையில் நிறுத்துகிறார்கள்.

"ஒயரே இல்லாத ஒண்ணுல இது கேக்குமான்னு பார்க்கணும்" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் அவன் கடையில் திருத்த வந்து யாரும் திரும்பக் கேட்காத ஒரு சின்ன ரேடியோவைக் கொண்டுவந்தான். பேட்டரி போட்டு, மீடியம் வேவில் எந்த நிலையமும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தினார்கள். இரைச்சலுக்குள் டிக், டிக் என்று கேட்டது. சுலக்ஷனா அதைத் தூக்கிக்கொண்டு வெளியே இறங்கினாள். திலக்ஷன் குடையோடு பின்னால் வந்தான்.

பனி இறங்கத் தொடங்கியிருந்தது. ரோட்டுப் பக்கம் போனால் சத்தம் மெலிந்தது. தண்ணிக் குழாய்ப் பக்கம் வந்தால் கூடியது. ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு படி இறங்கி, படி ஏறி, நின்று, திரும்பிப் போனாள். தேயிலைக் கொழுந்து பறித்து முடித்து, சாக்கைத் தலையில் சுருட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்கிய வினோதா அக்கா நின்று பார்த்தாள்.

"ஸ்டேசன் கெடைக்கலியா புள்ள?"

"ஸ்டேசன் வேணாங்க்கா. சத்தம்தான் வேணும்."

வினோதா அக்கா திலக்ஷனைப் பார்த்தாள். அவன் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

சத்தம் அவர்களை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோனது. அங்கே தேயிலை முடிகிற இடத்தில் பக்கத்து வீட்டு அழகுமுத்து லீக்ஸ் பயிரிட்ட பாத்தி. பாத்தியைச் சுற்றி முழங்கால் உயரத்தில் மெல்லிய கம்பி இரண்டு வரி ஓடியது. ரேடியோவை அதன் கிட்டே கொண்டுபோனபோது டிக் சத்தம் அறைவது போலக் கேட்டது. மூலையில், ஒரு தகரத் துண்டுக்குக் கீழே ஒரு பெட்டி. அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. அது மின்னுவதும் ரேடியோ அடிப்பதும் ஒன்றாக இருந்தன.

சுலக்ஷனா குனிந்து அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாகக் காதில் மட்டும் இருந்ததை அப்போதுதான் கண்ணால் பார்க்கிறாள்.

"கிட்டப் போகாதீங்க, சுரீர்னு அடிக்கும்" என்று மேலிருந்து குரல் வந்தது. அழகுமுத்து மண்வெட்டியோடு இறங்கி வந்தார். "ஆளைக் கொல்லாது. கடைக்காரர் உறுதியாச் சொன்னாரு. பன்னிக்கும் முள்ளம்பன்னிக்கும் வச்சது. முந்தி ரெண்டு தடவை இங்க போட்ட கிழங்கை மொத்தமா தோண்டிட்டுப் போயிருச்சுங்க."

"இது எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல கேக்குது மாமா" என்றாள் சுலக்ஷனா.

"எது?"

"உங்க வேலி."

அவருக்குப் புரியவில்லை. ரேடியோவை நீட்டினாள். அவர் வாங்கிக் காதில் வைத்து, பெட்டியின் விளக்கைப் பார்த்தார். திரும்பவும் காதில் வைத்தார். முகம் மெதுவாக மாறியது. "இது பேசுமா?" என்று கேட்டார்.

இதற்குள் திலக்ஷன் பெட்டியிலிருந்து இறங்கிய பச்சை ஒயரைத் தொடர்ந்து போயிருந்தான். அது வேலியோடு போகவில்லை. தண்ணீர் ஓடும் கான் ஓரமாகவே வந்து அவர்களுடைய குளியலறைச் சுவருக்குப் பின்னால் முடிந்தது. அங்கே மண்ணில் இறக்கியிருந்த வீட்டு எர்த் கம்பியில் ஒரு கிளிப் கவ்விக்கொண்டிருந்தது.

"மாமா, இதை யாரு இங்க மாட்டினது?" அவன் குரல் ஏறியிருந்தது.

"நான்தான் தம்பி. ஈரமான இடத்துல ஒரு கம்பி இறக்கி அதுல மாட்டச் சொன்னாங்க. உங்க கம்பி ஏற்கனவே இறங்கித்தானே இருக்கு. சும்மாதானே நிக்குதுன்னு..."

"சும்மா நிக்கல. வீட்டுல ஏதாவது கோளாறானா கரண்டு மண்ணுக்கு இறங்குற வழி அது. அந்த வழியில உங்க வேலியைக் கொண்டுவந்து வச்சிருக்கீங்க. எர்த்தோட சேர்ந்த குழாயைத் தொட்டா அடிச்சிருக்கும்."

அழகுமுத்து மண்வெட்டியைக் கீழே போட்டார். "யாருக்கும் ஏதும் ஆச்சா?"

"ஒண்ணும் ஆகல மாமா" என்றாள் சுலக்ஷனா. "முதல்ல பெட்டியை நிப்பாட்டுங்க. அப்புறம் ஒயரைக் கழட்டுவோம்."

அவர் நிறுத்தினார். ரேடியோவில் வெறும் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. அவர் பாத்தியைப் பார்த்தார். லீக்ஸ் பிடுங்கும் பருவத்தில் இருந்தது. திலக்ஷனும் அந்தப் பாத்தியைப் பார்த்துவிட்டுக் கோபத்தை விட்டான்.

"நாளைக்குக் காலையில நான் லீவு போடுறேன். பஜார்ல கம்பி வாங்கி, வீட்டுக்கு எட்டத் தள்ளி, அந்தக் கான் திரும்புற இடத்துல இறக்குவோம். அங்க எப்பவும் ஈரம்தான். இன்னைக்கு மட்டும் நீங்க காவல் இருங்க."

மறுநாள் மூன்று பேருமாகக் கான் ஓரத்தில் கம்பிகளை அடித்து இறக்கி, பெட்டியின் பச்சை ஒயரை அதில் மாட்டினார்கள். அன்று சாயங்காலம் அழகுமுத்து பெட்டியைப் போட்டதும் சுலக்ஷனா அறைக்குள் ஓடிப்போய் ஒலியை முழுக்கத் திறந்தாள். ஒன்றுமில்லை. இருந்தும் தன் காது அடுத்த டிக்குக்காகக் காத்திருப்பதைக் கவனித்தாள்.

ரேடியோவை அழகுமுத்துவிடமே கொடுத்துவிட்டார்கள். அவர் அதை வேலி ஓரமாகக் கொண்டு நடப்பார். கம்பியில் புல் சாய்ந்து படுகிற இடத்தில் டிக் சத்தம் கரகரவென்று உடைந்து கேட்கும் என்று இரண்டாம் நாளே கண்டுபிடித்திருந்தார். அந்த இடத்தில் குனிந்து புல்லை வெட்டுவார். காலையில் குழாயடியில் சுலக்ஷனாவைக் கண்டால், எந்தெந்த மூலையில் எப்படிக் கேட்டது என்று வாயால் செய்தே காட்டுவார்.

அடுத்த வாரம் சர்மிளா வந்தாள். பஸ் காட்சிகளுக்குக் கணினி முன்னால் போக, டிரம் மெஷின் பின்னால் வந்தது. பிரேக் அடிக்கும் இடத்தில் எல்லாம் ஒன்றாக நின்றன. சர்மிளா அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லி ஒவ்வொரு தடவையும் சிரித்தாள்.

கடைசிக் காட்சியில்தான் சிக்கல். அந்தப் பெண் தையல் மெஷினை மேசையில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கிறாள். மெதுவாகச் சுற்றுகிறாள், நிறுத்துகிறாள், வேகமாகச் சுற்றுகிறாள். எந்தத் தாளமும் அந்தக் கையோடு ஒட்டவில்லை. வேக எண்ணைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துத் திலக்ஷன் சலித்துப்போனான்.

சுலக்ஷனா டிரம் மெஷினை நிறுத்தினாள். "கம்ப்யூட்டர் எதையும் சொல்ல வேணாம். படத்தைக் காட்டட்டும், நான் வாசிக்கிறதைக் கேட்டுக்கட்டும். அது போதும்."

திரையில் அந்தக் கையைப் பார்த்தபடி வாசித்தாள். கை நின்றபோது நின்றாள். அது தயங்கியபோது ஒரே கட்டையில் இருந்தாள். முடிந்ததும் சர்மிளா இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

"நல்லா இருக்குக்கா. அந்த ரெண்டாவது தடவை சுத்துற இடத்துல மட்டும் ஒரு துளி பிந்துது."

"திரும்ப வாசிக்கவா?"

"வேணாம்க்கா, இதைப் பிடிச்சு நகர்த்தலாம்" என்று திலக்ஷன் மவுஸைக் காட்டினான்.

அவள் மவுஸை வாங்கினாள். தன் வாசிப்பு திரையில் ஒரு நீளமான கோடாகக் கிடந்தது. அந்த ஒரு துண்டைப் பிடித்து இடப்பக்கம் தள்ளினாள். அதிகம் போய்விட்டது. கை சுற்றும் முன்பே இசை வந்தது. திரும்பத் தள்ளினாள். இன்னும் கொஞ்சம். கையும் இசையும் சேர்ந்தன. ஏற்கனவே வாசித்து முடித்த ஒன்றை, வாசித்த பிறகு நகர்த்த முடிகிறது. அவள் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய்க் கேட்டாள், புதிய இடத்துக்குக் கொண்டுவந்து கேட்டாள். சர்மிளா பூண்டுலோயா பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று எழுந்தபோதுதான் நிமிர்ந்தாள்.

சர்மிளாவை ரோடு வரை கொண்டுபோய் விட்டுத் திரும்பிய திலக்ஷன் கணினியை அணைக்கப் போனான்.

"இருக்கட்டும்டா" என்றாள் சுலக்ஷனா. திரையின் மூலையில் ஒரு சின்னச் சதுரத்தைக் காட்டினாள். "இது என்ன செய்யும்?"

அவன் குனிந்து பார்த்தான். "தெரியாதுக்கா. நான் அதை அமுக்கினதே இல்ல."

அவள் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு அதை அமுக்கினாள்.