தள்ளி நில்லுப்பா

தையல்காரர் கடையின் பின்கதவைத் திறந்தபோது, துணி துவைக்கும் கல்லுக்குக் கீழே ஒரு மைனாக்குஞ்சு உட்கார்ந்திருந்தது. அலகோரம் மஞ்சள். வால் பாதிதான் வளர்ந்திருந்தது. அவரைப் பார்த்து வாயைப் பிளந்தது. சுற்றுமுற்றும் பெரிய மைனா எதையும் காணோம்.

கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு குனிந்தவர், நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். எடுப்பதா, விடுவதா? இதெல்லாம் தெரிந்தவள் அவருடைய பதினோரு வயது மகள்தான். அவள் அம்மாவோடு வேறு ஊரில் இருக்கிறாள். பிரிந்து இரண்டு வருடமாகிறது. ஞாயிறு மட்டும் பேசலாம் என்பது ஏற்பாடு. 'சாப்பிட்டியா', 'ம்', 'படிக்கிறியா', 'ம்' என்று பத்து நிமிடம் நொண்டியடித்து முடிந்துவிடும். இன்றைக்குப் புதன். ஆனாலும் எண்ணை அழுத்தினார்.

எடுத்தது அவள் அம்மா. விஷயத்தைக் கேட்டுவிட்டு மகளிடம் கொடுத்தாள்.

“எறகு மொளைச்சிருக்காப்பா? தத்துதா?”

“தத்தித் தத்திப் போகுது.”

“அப்ப பறக்கக் கத்துக்குது. அடிபடலைன்னா உள்ள தூக்கிட்டுப் போயிடாத. வாயில தண்ணி கிண்ணி ஊத்தாத. நீ எங்க நிக்கிற?”

“பக்கத்துலதான்.”

“ஐயோ, நீ அங்கயே நின்னா அதோட அம்மா அப்பா எப்படி வரும்? தள்ளி நில்லுப்பா.”

அம்மா அப்பா என்று அவள் ஒரே மூச்சில் சொன்னது அவருக்குள் எங்கேயோ போய்த் தைத்தது. கதவுக்குப் பின்னால் நகர்ந்தார். அதற்குள் மதில்மேல் ஒரு பூனை. “பூனை வந்துடுச்சு பாப்பா!” என்றார்.

“வெரட்டு! வெரட்டிட்டுக் குஞ்சை எடுத்துச் செடிமேல வை. நாம தொட்டா அம்மா சேத்துக்காதுன்னு சொல்றதெல்லாம் சும்மா.”

உள்ளங்கைக்குள் அது படபடவென்று துடித்தது. செம்பருத்திக் கிளையில் வைத்துவிட்டுத் திரும்ப வந்து ஒளிந்துகொண்டார்.

காத்திருந்த நேரமெல்லாம் அவள் பேசினாள். சண்டை போட்ட தோழி, புதிய கணக்கு டீச்சர், எப்போது பார்த்தாலும் தும்மும் பக்கத்து வீட்டு நாய். “நான் இப்ப அம்மா தோள் வரைக்கும் வந்துட்டேன், தெரியுமா?” என்றாள். அவர் விரல்கள் நாடாவில் மேலே ஏறி, எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றன.

பெரிய மைனா ஒன்று புழுவோடு வந்தது. ஊட்டியது. பறந்துபோய் மதில்மேல் உட்கார்ந்து கூப்பிட்டது. குஞ்சு தயங்கி, கோணலாகச் சிறகடித்து, மதிலைத் தாண்டிவிட்டது.

“அப்பா, வந்துச்சா?”

“இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன் பாப்பா. நீ சொல்லு, அந்த நாய் அப்புறம் என்ன பண்ணுச்சு?”

வெயிலில் செம்பருத்திக் கிளை மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.